பதினொரு ஆண்கள் சேர்ந்த ஜாக்கெட் வகுப்பு

ஐப்பசி முடிகிற நேரத்தில் என் மருமகளின் வகுப்பில் இருநூற்று நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். தை பிறக்க ஐம்பத்தொன்பது நாள் இருந்தது. முந்நூற்றுக்கு இன்னும் ஐம்பத்தேழு பேர் வேண்டும். நாளுக்கு ஒருவர் சேர்ந்தால் போதும், இரண்டு நாள் மிச்சமாகக்கூட இருக்கும் என்று காலையில் கணக்குப் போடுவேன். சேர்கிறவர்களில் சிலர் விலகவும் செய்வார்களே என்ற நினைப்பு மதியம் வரும். அதோடு சோறு இறங்காது. தட்டில் இருப்பதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் தின்று எழுந்திருக்கும்படி என் மனைவி சொல்லுவாள்.

மருமகள் ஜாக்கெட் தைக்கச் சொல்லித் தருகிறாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேசை, போனை மாட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு, வட்டமாக ஒரு விளக்கு. இவ்வளவுதான் அவளுடைய பள்ளிக்கூடம். மூன்று வருடம் இலவசமாகவே வீடியோ போட்டாள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் அவளுடைய சேனலைப் பின்தொடர்ந்தார்கள். விளம்பரத்தில் வந்த காசு நூல் வாங்கவும் லைனிங் துணி வாங்கவும் சரியாகப் போனது. அதனால் சித்திரையில் மாதச் சந்தா வகுப்பு ஒன்று ஆரம்பித்தாள். மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டுகிறவர்கள் ஒரு தனிக் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை நாலு மணிக்கு நேரலை.

முந்நூறு என்பது அவளே வைத்துக்கொண்ட எல்லை. என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாதம் இரண்டு ஞாயிறு வருவான். அதே கம்பெனியில் பெண்களுக்கான மேற்பார்வை வேலை ஒன்று காலியாகி, தை வரைக்கும் இவளுக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அது காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. அதில் சேர்ந்தால் வகுப்பு கிடையாது. "தைக்குள்ள முந்நூறு பேரு வந்துட்டா நான் இதையே பாத்துக்கறேன். வரலைன்னா நானே பொட்டி கட்டிக்கினு வர்றேன்" என்று அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. அவள் போனால் மூன்றாவது படிக்கும் பேத்தியும் போவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சுவோம்.

நான் முப்பத்து நாலு வருடம் புள்ளிவிவர வேலை பார்த்தவன். நெல் அறுக்கும்போது வயலில் அளவுக்கயிறு பிடித்து ஒரு துண்டு நிலத்தை மட்டும் அறுத்து எடை போட்டு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எழுதி அனுப்புவோம். கிணறு எண்ணியிருக்கிறேன். கல்வராயன் மலையில் பாதை இல்லாத ஊர்களுக்கு நடந்து போய் ஆடு எண்ணியிருக்கிறேன். அதனால்தான் மருமகள் வகுப்பு தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டு, யார் யார் சேருகிறார்கள், யார் விலகுகிறார்கள், யாருடைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். குழுவில் என்னையும் சேர்த்தாள். என் பெயருக்குப் பதிலாக 'அலுவலகம்' என்று போட்டு வைத்தாள்.

சனிக்கிழமை நேரலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வாரம் தைத்த ஜாக்கெட்டை உறுப்பினர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். சிலர் கொடியில் மாட்டி எடுப்பார்கள். பலர் போட்டுக்கொண்டே எடுப்பார்கள். போட்டுப் பார்த்தால்தான் அக்குளில் சுருக்கம் விழுவதும் தோளில் இறங்குவதும் தெரியும் என்று மருமகள் சொல்லுவாள். ஒவ்வொரு படமாக எடுத்து, இங்கே கை வளைவை அரை அங்குலம் கூட வெட்டியிருக்கிறாய், அங்கே மடிப்பு ஒரு விரல் மேலே ஏறிவிட்டது என்று குறை சொல்லுவாள். போன மாதம் அதே பெண் செய்த தப்பு அவளுக்கு ஞாபகம் இருக்கும். "இந்த வாட்டி கழுத்து சரியா வந்துடுச்சு பாரு" என்பாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தி தன் மாமியார் கொடுத்த அளவு ஜாக்கெட்டே தப்பு என்று சொல்ல, அடுத்தவள் மாமியார் அளவே மாறியிருக்கும் என்பாள். மலையிலிருந்து ஒரு பெண் இருக்கிறாள். அவள் ஊரில் சிக்னல் கிடையாது. மலைப்பாதையில் ஒரு வளைவு வரைக்கும் நடந்து வந்து, பாறை மேல் உட்கார்ந்து நாலு மணிக்குக் காத்திருப்பாள். பாதிப் பேச்சில் காற்று இரைச்சல்தான் கேட்கும்.

ஆறு மாதம் இதையெல்லாம் நோட்டில் குறித்து வந்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. முதல் மாதத்திலேயே ஒரு ஜாக்கெட் படமாவது அனுப்பியவர்கள் அநேகமாக விலகுவதில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள் இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ போய்விடுகிறார்கள். கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்தவர்கள் தங்குகிறார்கள். மூன்று நாள் கழித்துக் கிடைத்தவர்கள் தங்குவதில்லை. இதை மருமகளிடம் சொன்னபோது அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அன்றிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே ஒரு சின்ன வேலை கொடுத்தாள். கை மட்டும் தைத்து அனுப்பு, அது போதும் என்பாள். கேள்விகளுக்குப் பாத்திரம் கழுவும்போதுகூடக் குரல் பதிவில் பதில் போட்டாள். எண்ணிக்கை ஏறியது.

இதைக் கண்டுபிடித்தவனே நான்தான். அதைத் தெரிந்துகொண்டே கார்த்திகை பிறந்ததும் அப்படி ஒரு காரியம் செய்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

பென்ஷன் வாங்கும் நாங்கள் சிலர் தினமும் காலை பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கூடுவோம். ஒருவர் வீட்டு விசேஷம் என்றால் மற்ற எல்லோரும் போய் நிற்போம். காரணம் கேட்பதில்லை. ஒருவர் பேரன் எல்.ஐ.சி. பாலிசி பிடிக்கிறான் என்றால் எல்லோரும் ஒரு பாலிசி போடுவோம். ஒருவர் மகள் முறுக்கு போட்டு விற்கிறாள் என்றால் பல் இல்லாதவரும் கால் கிலோ வாங்குவார். மருமகளுக்கு ஆள் குறைகிறது என்று நான் ஒரு நாள் சொன்னேன். கேட்டேன் என்று சொல்வதுதான் சரி. அன்றைக்கே பதினொரு பேர் சேர்ந்தார்கள். பணம் கட்டத் தெரியாத நாலு பேருக்கு நானே போனை வாங்கிக் கட்டிவிட்டேன். நீங்கள் ஒன்றும் பார்க்க வேண்டாம், தைக்கிற சமாச்சாரம், தை வரைக்கும் சும்மா இருந்தால் போதும் என்று தெளிவாகச் சொன்னேன்.

இருநூற்று ஐம்பத்து நாலு. அன்று மத்தியானம் இரண்டு கரண்டி சாம்பார் சேர்த்து ஊற்றிக்கொண்டேன். மருமகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது கணக்கில் சேராது என்று தள்ளிவிடுவாள் என்று தெரியும்.

பதினொரு ஆண் பெயர்கள் ஒரே நாளில் சேர்ந்தது அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். அந்தக் குழுவில் பாதிக்கு மேல் ஆண் பெயர்கள்தான். போன் புருஷன் பெயரில் இருக்கும், மகன் பெயரில் இருக்கும், சிலதில் சாமி படம் மட்டும் இருக்கும். பேசுகிறவள் பெண்ணாக இருப்பாள். அதனால் யாரும் பெயரைப் பார்ப்பதே இல்லை. நானும் அதை நம்பித்தான் சேர்த்தேன்.

நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. சேர்த்துக்கொண்ட வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. விடிந்ததும் ரோஜாப்பூ படமும் காலை வணக்கமும் போட ஆரம்பித்தார்கள். ஒரு காலையில் ஏழு பூ எண்ணினேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஜாடையாகக்கூட அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எண்ணிக்கை இறங்கியது. முதல் வாரம் ஆறு பேர். அடுத்த வாரம் பதினேழு பேர். மூன்றாவது வாரம் பன்னிரண்டு. மொத்தம் முப்பத்தைந்து. இருநூற்றுப் பத்தொன்பதில் வந்து நின்றது. சனிக்கிழமை படங்களும் குறைந்தன. முன்பெல்லாம் முப்பது நாற்பது வரும். அந்த வாரம் ஒன்பது வந்தது, ஒன்பதும் கொடியில் மாட்டிய ஜாக்கெட். மருமகள் தன்னையே குறை சொல்லிக்கொண்டாள். வேகமாகப் பேசுகிறேனோ, ஒரே மாதிரி கழுத்தையே சொல்லித் தருகிறேனோ என்று கேட்டாள். மழைக்காலம், பருத்தி எடுப்பு, கைச்செலவுக்குக் காசு இருக்காது என்று நான் மூன்று காரணம் சொன்னேன். ஒரு நாள் அவள் திருப்பூரில் பேத்திக்குப் பள்ளிக்கூடம் எது கிட்டத்தில் இருக்கிறது என்று மகனிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விலகிய முப்பத்தைந்து பேரில் ஒன்பது பேர் நைனார்பாளையம். ஒரே தெருக்காரர்கள், அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களை ஒருத்தி சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவள்தான் முதலில் விலகினாள். எங்கள் பக்கத்தில் வழக்கமாக வருகிற ஆள் நாலு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் உடம்புக்கு என்ன என்று கேட்பது உண்டு. மருமகளிடம் சொல்லாமல் சின்னசேலம் போய் பஸ் மாறி நைனார்பாளையத்தில் இறங்கினேன். கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். பதிமூன்று பழம்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வேலை ஜாஸ்தி என்றாள். போன் சரியில்லை என்றாள். கண் வலிக்கிறது என்றாள். போன வாரம் நான் சொன்ன மாதிரியே மூன்று காரணம். மூலையில் அவளுடைய மெஷின் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. டீ குடித்து முடித்து எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவள் அங்கே நின்றுவிட்டாள்.

"கேட்டா தப்பா நெனச்சிக்காதீங்கய்யா. குரூப்புல ஆம்பளைங்கள யாரு சேத்தது?"

ஆம்பளை பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்களே, எல்லாம் வீட்டுக்காரர் போன்தானே என்றேன்.

"அது தெரியுங்க. என் போனே எங்க வூட்டுக்காரரு பேருலதான் இருக்குது. நான் சொல்றது நெஜ ஆம்பளைங்க. காலையில ஆனா பூ போட்டுக்கினு இருந்தாங்க. எவளோ ஒருத்தி வூட்டுக்காரன் வெளையாடறான்னு வுட்டுட்டோம். அப்புறம் நான் போட்ட படத்துக்குக் கீழ, அருமை, மிகவும் நன்றுன்னு ஒருத்தரு எழுதறாரு. முதுகு தெரியற படங்க அது. இவரு பாத்துட்டு இன்னா இது, யாரு இவன்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

அவள் கோபமாகப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். விசாரிக்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு நடந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுபத்து மூன்று வயதில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் வாசலில் நின்று எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் சின்னசேலம் வரைக்கும் ஒன்றையும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எத்தன பேரு மாமா?"

"பதினொண்ணு."

"உங்கள நான் கணக்கு பாக்கத்தான சொன்னேன். ஆள் சேக்கவா சொன்னேன்?"

இரண்டு நாள் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. நான் ஒன்றும் கேட்காமலே என் மனைவி சமையலறையிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். "பதினோரு கெழவனுங்க சேந்து முப்பத்தஞ்சு பொம்பளைங்கள வெரட்டி வுட்டீங்களா? பென்ஷன ஏத்திக் குடுக்கச் சொல்லி எழுதிப் போடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் மருமகள் என்னைக் கூப்பிட்டு, பதினொரு பேரையும் நான்தான் போகச் சொல்ல வேண்டும் என்றாள். அவள் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். ஆனால் நான் கூப்பிட்டு வந்தவர்களை அவள் தள்ளிவிட்டதாக இருக்கக் கூடாது என்றாள். கூப்பிட்டவரைப் போகச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. பத்து பேர் உடனே சரி என்றார்கள். அதில் நாலு பேர் எதில் சேர்ந்தோம் என்பதையே மறந்திருந்தார்கள். பூ படம் போட்டது தப்பா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

பதினொன்றாவது ஆள் அந்த 'அருமை' எழுதியவர். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கூப்ட்டதும் நீதான், போன்னு சொல்றதும் நீதானா? நான் இன்னாப்பா தப்பு பண்ணேன்? எங்க வூட்ல அவ முப்பது வருசம் ஜாக்கெட் தெச்சவ. முதுகுல அந்தப் பட்டி வளையாம நேரா வர்றது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். நல்லா வந்திருந்துச்சு, நல்லாருக்குன்னு எழுதினேன்."

அவர் பார்த்தது தையலைத்தான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. நைனார்பாளையத்தில் அந்தப் புருஷன் கேட்டதும் நியாயம்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டையும் ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பேச்சு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. போனை என் பக்கம் தள்ளி, நீயே எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். பாதி டீயை வைத்துவிட்டுப் போனவர் இன்று வரைக்கும் அந்தக் கடைக்கு வரவில்லை. வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். உட்காரச் சொன்னார், பேசவில்லை.

இருநூற்று எட்டு.

அந்தச் சனிக்கிழமை, மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், மருமகள் நேரலையில் துணியை எடுக்கவே இல்லை. நான் சமையலறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னாள். முந்நூறு வராவிட்டால் கம்பெனி வேலைக்குப் போவதாக இருந்ததையும் சொன்னாள். அதுவரை அவர்களிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை.

"எங்க மாமனாரு பண்ண வேல இது. நான் இங்கியே இருக்கணும்னுதான் பண்ணாரு. ஆனா நீங்க நம்பி வந்த எடம். போடற ஒவ்வொரு படமும் யாரு பாக்கறாங்கன்னு நான் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு."

எனக்கு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. என் மனைவி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

போனில் காற்று இரைச்சலோடு ஒரு குரல் வந்தது. மலைப் பெண். "அக்கா, அந்தத் தாத்தாங்க யாராச்சும் ஜாக்கெட் தெச்சாங்களா?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி பேசினார்கள். ஒருத்தி தன் புருஷன் இந்த வகுப்பைப் பார்த்து லுங்கி மூட்டக் கற்றுக்கொண்டான் என்றாள். திருக்கோவிலூர்ப் பெண் ஒருத்தி கொஞ்சம் கடுமையாகவே பேசினாள், இப்படி நடந்திருக்கவே கூடாது என்றாள். மருமகள் அதை மறுக்கவில்லை.

முடிக்கும்போது இரண்டு விஷயம் சொன்னாள். இனிமேல் புதிதாகச் சேருகிற எவரும் தன் குரலில் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் குழுவுக்குள் வர முடியும். பெயர், ஊர், என்ன தைக்கத் தெரியும் என்று சொன்னால் போதும். ஏற்கெனவே இருப்பவர்களில் யாராவது ஒருவர் 'வாங்க' என்று குரலில் பதில் சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள். இரண்டாவது, இந்தக் குழுவில் இனி ஒரு ஆண்கூட இல்லை. 'அலுவலகம்' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதுவும் இப்போது போகிறது.

என் போனில் அந்தக் குழு அப்போதே மூடிக்கொண்டது. உங்களை நிர்வாகி நீக்கிவிட்டார் என்று ஒரு வரி வந்தது. நியாயம்தான். இருந்தாலும் அன்றைக்கு வந்த பதில்களை எண்ண முடியாமல் போனது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எண்ணிக்கை தெரியாது. மருமகள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கிற தகுதியை இழந்திருந்தேன். மார்கழி முழுவதும் முன்னறைக் கதவுக்கு வெளியே இருந்து காதில் விழுவதைக் கேட்பதோடு சரி. ஒரு நாள் அவள் களமருதூரிலிருந்து சேர்ந்த ஒரு பெண்ணின் குரலை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண் நாலு வார்த்தைக்குப் பதில் நாலு நிமிஷம் பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள். கீழே பத்துப் பதினைந்து பேர் வாங்க வாங்க என்று குரல் கொடுத்திருந்தார்கள். நைனார்பாளையத்துப் பெண் திரும்பி வந்தாள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அந்தக் குரலுக்கு வாங்க சொன்னவர்களில் அவளும் இருந்தாள். நான் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு காது கேட்காத மாதிரி இருந்தேன்.

போகி அன்று காலை மகன் வந்தான். குளித்துச் சாப்பிட்டு, பேத்தியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். எப்போதும் போல அவன் என் பக்கம் திரும்பினான். இந்த வீட்டில் எந்த எண் வேண்டுமானாலும் என்னிடம்தான் கேட்பான்.

"இன்னாப்பா, முந்நூறு வந்துச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. என் மனைவி சிரித்துவிட்டாள்.

"வரல," என்றாள் மருமகள். "எரநூத்தி எழுவத்தொண்ணு."

இருபத்தொன்பது குறைவு. அவன் தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியானால் கம்பெனியில் முன்பே சொன்னபடி பதினெட்டாம் தேதி போய்ச் சேர வேண்டும் என்று ஆரம்பித்தான். அவள் அவனை முடிக்க விடவில்லை.

"கம்பெனிக்கு நான் அப்பவே போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன். அந்த சனிக்கெழம லைவு முடிஞ்ச திங்கக்கெழம."

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை எண்ணிக்கை இருநூற்று எட்டு. அது எனக்கு நன்றாகத் தெரியும், நான் கடைசியாகப் பார்த்த எண் அது. எட்டு மாதத்தில் அவ்வளவு வேகமாக இறங்கியது வேறெப்போதும் இல்லை. அந்த நிலையில் போய் இவள் வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் மார்கழி முழுவதும் கதவுக்கு வெளியே நின்று தவித்தது ஏற்கெனவே முடிந்துபோன விஷயத்துக்கு.

மகனுக்குக் கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றான். அந்த வேலையை வைத்திருந்த மேலாளரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதமாகத் தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்ததாகவும், இவனுக்குத் தெரியும் என்று நினைத்து அவர் வெறுமனே சிரித்ததாகவும் சொன்னான்.

"சொல்லியிருந்தா நீங்களும் மாமா மாதிரி முந்நூறு முந்நூறுன்னு எண்ணிக்கினு இருப்பீங்க," என்றாள். பிறகு குரலை இறக்கி, "சொல்லியிருக்கணும். தப்புதான். அன்னிக்கு ராத்திரிக்குள்ள நூத்தி அறுவது பேரு குரல்ல பேசி அனுப்புனாங்க. ஒண்ணொண்ணா கேட்டேன். போவாதீங்கக்கான்னு ஒருத்தி கூடச் சொல்லல. அடுத்த வாரம் இன்னா தெக்கறதுன்னு கேட்டாங்க. அதக் கேட்டுட்டு நான் எப்படிங்க கம்பெனிக்கு வர்றது?"

பொங்கல் மூன்று நாளும் அவர்கள் இருவரும் அளவாகத்தான் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் முன்னறைக் கதவைச் சாத்தியபோது, அவனும் நானும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். உள்ளே யாரோ எதையோ சொல்ல எல்லோரும் சிரிப்பது கேட்டது. இது எவ்வளவு நேரம் நடக்கும் என்று கேட்டான். ஒன்றரை மணி நேரம் என்றேன். முழுவதும் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவனுடைய ஒரு பை மட்டும்தான். திருப்பூர் வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது.

"இது வருசம் பூரா இப்படியே நிக்குமாப்பா?" என்று கேட்டான்.

முன்பாக இருந்தால் நோட்டைப் பிரித்திருப்பேன். எனக்குத் தெரியவில்லை என்றேன். மார்கழியில் விலகியது இரண்டே பேர் என்று அவள் என் மனைவியிடம் சொன்னதாகச் சொன்னேன். அதில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனவள்.

"ரெண்டு பேருதானா?" என்றான். வண்டி வந்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கையை வெளியே நீட்டி, அடுத்த மாதம் நாலு நாள் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு வருவதாகவும், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடும்படியும் சொன்னான்.